தோட்டத்துப் பாம்பும் கடலோரக் கொடியும்

ஆஸ்திரேலியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 3,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் இறப்பவர்கள் சராசரியாக இரண்டு மூன்று பேர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக மதிப்பிட்டது. இரு நாடுகளின் மக்கள்தொகை வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி பெரிதாகவே இருக்கிறது. நஞ்சின் வீரியத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஆய்வக எலிகளில் சோதித்துப் பார்த்த வரிசையில் நிலப்பாம்புகளிலேயே முதலிடம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பானுக்கு. கிழக்குப் பழுப்புப் பாம்பும் அதற்கு அதிகம் பின்தங்கியதில்லை.

விடை பாம்பின் பல்லில் இல்லை. வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்கள் எத்தனை பேர், இரவில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் எத்தனை பேர், கடிபட்டவரை ஏற்றிச்செல்ல வண்டி எவ்வளவு நேரத்தில் வருகிறது, போய்ச் சேரும் மருத்துவமனையில் மருந்து இருக்கிறதா என்பவையே உயிரையும் சாவையும் தீர்மானிக்கின்றன. ஒரு நாட்டின் விலங்குகளைப் பற்றிய பேச்சு பாதிக்கு மேல் அந்த நாட்டின் மனிதர்களைப் பற்றிய பேச்சாகவே முடிகிறது. ஆஸ்திரேலியாவில் இது இன்னும் வெளிப்படை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோரில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவதாகப் பதிந்தவர்கள் மட்டுமே 95,000 பேருக்கு மேல். இவர்களில் பலருக்கு நாட்டின் முதல் அறிமுகம் விமானத்தில் ஏறுவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. 1986இல் வெளிவந்த ‘கிராக்கடைல் டண்டி’ படமும், 2006இல் திருக்கைமீன் முள் பாய்ந்து இறந்த ஸ்டீவ் இர்வினின் தொலைக்காட்சித் தொடர்களும் உலகம் முழுக்கப் பரப்பிய சித்திரம் அது: கடிப்பதும் கொட்டுவதும் விழுங்குவதுமாக எங்கு பார்த்தாலும் உயிர்கள்.

இறப்புப் பதிவேடுகள் காட்டும் சித்திரம் வேறு. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ரொனெல் வெல்டன் தலைமையில் 2000 முதல் 2013 வரையிலான பதிவுகளைத் தொகுத்த ஆய்வு 2017இல் வெளியானது. அந்த ஆண்டுகளில் பாம்பு கடித்து இறந்தவர்கள் 27 பேர். தேனீ, குளவி கொட்டியதால் இறந்தவர்களும் அதே 27 பேர். குதிரையால் இறந்தவர்களோ 74 பேர். குதிரையையும் ஐரோப்பியத் தேனீயையும் அந்தக் கண்டத்துக்குக் கொண்டுவந்தவர்கள் குடியேறிகள்தான். குதிரைக்கு யாரும் எச்சரிக்கைப் பலகை வைப்பதில்லை.

முதலில் வந்த குடியேறிகள் உள்ளூர் விலங்குகளோடு எப்படி வாழ்வது என்று கேட்டவர்கள் அல்லர். 1788இல் தொடங்கிய பிரிட்டிஷ் குடியேற்றம் அங்கிருந்த உயிர்களைத் தடையாகவும், இல்லாத உயிர்களைக் குறையாகவும் கண்டது. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைக்காக விக்டோரியாவில் விடுவித்த முயல்கள் கண்டத்தையே அரித்தன. டாஸ்மேனியாவில் ஆடுகளைக் கொல்வதாகப் பழி சுமத்தப்பட்ட தைலசீனுக்கு, அதாவது வரியோடிய பைவிலங்கான ‘டாஸ்மேனியப் புலி’க்கு, 1888 முதல் 1909 வரை அரசே தலைக்கு ஒரு பவுண்டு விலை வைத்து 2,184 முறை பணம் கொடுத்தது. அந்த விலங்குக்குச் சட்டப் பாதுகாப்பு 1936 ஜூலையில் வந்தது. அறியப்பட்ட கடைசித் தைலசீன் அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. டிங்கோ நாய்களை ஆட்டுப்பண்ணைகளிலிருந்து விலக்க எழுப்பிய வேலி இன்றும் 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கிறது. இத்தனைக்கும் அதே நிலத்தில் அதே விலங்குகளோடு பழங்குடி மக்கள் பல பத்தாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்திருந்தார்கள். வடக்கே ஆர்னெம் நிலத்தின் யோல்ங்கு மக்களில் ஒரு குலத்தாருக்கு முதலை மூதாதை. அந்த மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதேனும் இருக்கிறது என்று வந்தவர்களுக்குத் தோன்ற நெடுங்காலம் ஆனது.

பாம்பைப் பொறுத்தவரை மாற்றம் ஆய்வகத்தின் வழியாக வந்தது. மெல்பர்னில் அரசு நடத்திய காமன்வெல்த் சீரம் ஆய்வகம் 1930இல் புலிப்பாம்பு நஞ்சுக்கு முறிவு மருந்து தயாரித்தது. ஆனால் வடக்கே குயின்ஸ்லாந்தில் வாழும் கடலோரத் தைப்பானின் கடிக்கு அது உதவவில்லை. தைப்பான் நஞ்சை எடுக்க உயிருள்ள பாம்பே கிடைக்கவில்லை. 1950 ஜூலையில் கெவின் படன் என்ற 20 வயது சிட்னி இளைஞர் கெய்ன்ஸ் நகரின் விளிம்பில் ஒரு தைப்பானை வெறுங்கையால் பிடித்தார். கழுத்தை இறுக்கிப் பிடித்தபடியே சாலைக்கு வந்து, ஒரு லாரியை நிறுத்தி, பாம்புகளை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அது தைப்பான்தான் என்று உறுதி செய்துகொண்டார். பைக்குள் விடும் நேரத்தில் அது கடித்தது. பாம்பைக் கொல்லக் கூடாது, ஆராய்ச்சிக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மறுநாள் இறந்தார். பாம்பு மெல்பர்னுக்குப் போய்ச் சேர்ந்தது. 1955இல் தைப்பான் முறிவு மருந்து புழக்கத்துக்கு வந்தது.

மருந்துக்கு முன் செய்ய வேண்டிய முதலுதவியை வகுத்தவர் அதே ஆய்வகத்தின் மருத்துவர் ஸ்ட்ரூவன் சதர்லண்ட். ஆஸ்திரேலியப் பாம்புகளின் நஞ்சு பெரும்பாலும் இரத்தக் குழாய் வழியாக அல்லாமல் நிணநீர் வழியாக மெல்லப் பரவுகிறது என்பதைக் கொண்டு, கடித்த கை காலை முழுவதுமாக அழுத்திச் சுற்றி, குச்சி வைத்துக் கட்டி, ஆளையே அசையாமல் வைத்திருக்கும் முறையை 1970களின் இறுதியில் அவர் முன்வைத்தார். அறுப்பது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்குவது எல்லாம் அதோடு போயின. இன்று மருந்துக்கடையில் பாம்புக்கடிக்கென்றே விற்கும் மீள்கட்டுத் துணியில் நீள்சதுரக் கட்டங்கள் அச்சிட்டிருக்கின்றன. சரியான அழுத்தத்தில் இழுத்துச் சுற்றினால் கட்டம் சதுரமாகிவிடும். பதற்றத்தில் கை நடுங்குபவரும் கண்ணால் பார்த்துச் சரி செய்யலாம். கடிவாயைக் கழுவக் கூடாது என்பது இன்னொரு விதி. தோலில் ஒட்டியிருக்கும் நஞ்சைத் துடைத்தெடுத்துச் சோதித்தால் எந்த வகை மருந்து தேவை என்று தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் விரியன் இனமே கிடையாது. கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் கடித்தால் கடிவாயைச் சுற்றித் தசை அழுகும். கடித்த இடத்திலேயே நஞ்சை அழுத்தித் தேக்கிவைப்பது கேட்டையே கூட்டலாம் என்பதால் இந்திய மருத்துவ வழிகாட்டல்கள் இறுக்கிக் கட்டுவதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஒரு நாட்டில் உயிர்காக்கும் கட்டு இன்னொரு நாட்டில் காலைக் கெடுக்கலாம். ஊரில் கற்றதை அங்கே கொண்டுபோவதும், அங்கே கற்றதை விடுமுறைக்கு வரும்போது ஊருக்குக் கொண்டுவருவதும் இரண்டுமே ஆபத்து. இன்னொரு வகையில் இரு நாடுகளின் கதையும் ஒன்றுபோலவே திரும்பியிருக்கிறது. தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர்கள், 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வாழ்வாதாரம் இழந்து, 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்தும் அவர்கள் எடுக்கும் நஞ்சுதான் இந்திய முறிவு மருந்துக்கு முக்கிய மூலப்பொருள்.

பாம்பைக் கண்டால் என்ன செய்வது என்பதில் புதிதாக வந்தவர்களின் மனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. புற்றுக்குப் பால் ஊற்றும் மரபும், அரைகுறையாய் அடித்துவிட்ட பாம்பு பழிவாங்கும் என்பதால் அடித்தே தீர வேண்டும் என்ற நம்பிக்கையும் ஒரே வீட்டில் ஒன்றாய் இருந்தவை. ஆஸ்திரேலியச் சட்டத்தில் இரண்டுக்கும் இடமில்லை. நாட்டுப் பாம்புகள் எல்லா மாநிலங்களிலும் பாதுகாக்கப்பட்ட உயிர்கள். காரணமின்றிக் கொன்றால் அபராதம். உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும், அவர் வரும்வரை பாம்பின் மேல் ஒரு கண் வைத்தபடி தள்ளி நிற்க வேண்டும். அவர் கட்டணம் வாங்குவார். இது புதிதாக வந்தவர்களுக்கு வேடிக்கையாகவே படும்: கொல்லவும் கூடாது, பிடிக்கவும் கூடாது, பணமும் கொடுக்க வேண்டும். ஆனால் பாம்புக்கடி நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பதிந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்று, கடிகளில் பாதிக்கு அருகில் வீட்டைச் சுற்றியே நிகழ்ந்தவை என்பதோடு, குறிப்பிடத்தக்க ஒரு பகுதி பாம்பைப் பிடிக்கவோ விரட்டவோ போனவர்களுக்கு நேர்ந்தவை என்றும் காட்டியது. விதியின் நியாயம் விலங்கன்பு மட்டுமல்ல.

மெல்பர்னின் மேற்கு விளிம்பில் இது அன்றாடப் பிரச்சினை. டார்னீட், ட்ருகனினா, பாயின்ட் குக் போன்ற புறநகர்கள் எரிமலைப் பாறை மேல் பரந்திருந்த புல்வெளியில் எழுந்தவை. இந்தியாவில் பிறந்தவர்கள் பெருமளவில் வீடு வாங்கியிருப்பது இங்கேதான். பழுப்புப் பாம்புக்கும் புலிப்பாம்புக்கும் அந்தப் புல்வெளி பழைய வீடு. பக்கத்து மனையில் மண் தோண்டும் இயந்திரம் இறங்கினால் பாம்பு வேலிக்கடியில் நுழைந்து அடுத்த கொல்லைக்கு வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் வெயில் ஏறத் தொடங்கியதும் உள்ளாட்சி மன்றங்கள் ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிடுகின்றன: புல்லை ஒட்ட வெட்டுங்கள், கல்குவியலையும் பழைய தகரத்தையும் அகற்றுங்கள், எலி வராமல் பாருங்கள். கடிபட்டால் 000 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இதிலும் புதியவர்களுக்கு ஒரு தயக்கம் வருவதுண்டு. குயின்ஸ்லாந்து, டாஸ்மேனியா தவிர்த்த மாநிலங்களில் ஆம்புலன்ஸ் பொதுவாக இலவசமில்லை. சந்தா கட்டாதவருக்குப் பெரிய தொகை வரும். விஷத்தைவிடக் கட்டணச் சீட்டுக்குப் பயந்து சொந்தக் காரில் மருத்துவமனைக்குக் கிளம்புவது, ஆளை அசையாமல் வைக்க வேண்டும் என்ற முதல் விதியையே உடைத்துவிடுகிறது.

சிலந்திகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சிட்னியைச் சுற்றி ஈரமண் வளைகளில் வாழும் புனல்வலைச் சிலந்தியின் ஆண் உண்மையிலேயே கொல்லக்கூடியது. 1981க்கு முன் 13 இறப்புகள் பதிவாகியிருந்தன. அந்த ஆண்டு சதர்லண்டின் குழு தயாரித்த முறிவு மருந்து வந்த பிறகு ஒருவரும் இறக்கவில்லை. இதில் கவனிக்கத் தக்கது மருந்துக்கு நஞ்சு கிடைக்கும் விதம். சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியில் உள்ள ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்கா, வீட்டில் புனல்வலைச் சிலந்தியைக் கண்டவர்களை அதைக் கொல்லாமல் அகலவாய்ப் போத்தலில் ஈரப்பஞ்சு போட்டுப் பிடித்துக் குறிப்பிட்ட இடங்களில் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறது. சில மருத்துவமனைகளே அந்தப் போத்தல்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. கண்ணாடிக் குழாயால் சிலந்தியின் பல்நுனியிலிருந்து துளித்துளியாக நஞ்சை உறிஞ்சியெடுத்து முயல்களுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி மருந்து உண்டாக்குகிறார்கள். பெருநகரவாசிகள் தாங்கள் அஞ்சும் பூச்சியைப் போத்தலில் அடைத்துக் காரில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் தேசத்துக்கு மருந்து கிடைக்கும் என்ற ஏற்பாடு வேறெங்கும் எளிதில் நடக்காது. அரசின் ஆணையைக் காட்டிலும் அண்டை வீட்டாரின் பழக்கத்தால் ஓடும் ஏற்பாடு அது. புதிதாக வந்தவர் அதில் சேர்வதற்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

சொல்லித்தரும் விதமோ நேரானதல்ல. ஆஸ்திரேலியர்கள் புதியவரிடம் முதலில் சொல்வது ‘டிராப் பேர்’ கதையாகவே இருக்கும்: மரத்திலிருந்து மனிதர் தலைமேல் குதிக்கும் ஊனுண்ணிக் கோலா, காதுக்குப் பின்னால் ரொட்டியில் பூசும் வெஜிமைட் பசையைத் தடவிக்கொண்டால் அண்டாது, உள்ளூர் உச்சரிப்பில் பேசுபவரை விட்டுவிடும். சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் இந்தக் கற்பனை விலங்குக்கு முகம் மாறாமல் ஒரு தகவல் பக்கமே வைத்திருக்கிறது. 2012இல் ஒரு புவியியல் ஆய்விதழ், செயற்கைக்கோள் கருவியால் டிராப் பேரைப் பின்தொடர்ந்ததாகச் சொல்லும் பகடிக் கட்டுரையை வெளியிட்டது. வெளிநாட்டாரையே அது அதிகம் தாக்குகிறது என்பது அதன் ‘கண்டுபிடிப்பு’. கேலியைத் தாங்கிச் சிரிப்பவர் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார். அச்சத்தை வெளிக்காட்டாமல் இலேசாகப் பேசுவது அங்கே நாகரிகம். இதன் கெடுதல், எது கேலி, எது உண்மையான எச்சரிக்கை என்று பிரித்தறிய வந்தவருக்குக் காலம் பிடிக்கும் என்பதுதான். உள்ளூர்க்காரரின் இலேசான பேச்சுக்கு அடியில் கண்டிப்பான விதிகள் இருக்கின்றன. அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் பூட்ஸை உதறாமல் காலை விடமாட்டார்.

கடற்கரையில் அந்த விதிகள் கண்ணுக்குத் தெரியும். வடக்குக் குயின்ஸ்லாந்தில் நவம்பர் முதல் மே வரை கரையோரம் பெட்டிச் சொறிமீன்கள் திரியும். அவற்றில் பெரிய இனத்துக்குக் கெய்ன்ஸ் மருத்துவர் ஹ்யூகோ ஃபிளெக்கரின் பெயர். 1955இல் கார்ட்வெல் கடற்கரையில் இறந்த ஐந்து வயதுச் சிறுவனின் உடலில் இருந்த சாட்டைத் தழும்புகளைக் கண்டு, கடலில் வலைபோட்டுத் தேடச் சொன்னவர் அவர். நகமளவே இருக்கும் இன்னொரு சொறிமீனைக் கண்டுபிடித்தவர் ஜாக் பார்ன்ஸ். 1961இல் அதைப் பிடித்து, தன் மேலும், ஒன்பது வயது மகன் மேலும், ஒரு கடற்காவல் இளைஞர் மேலும் கொட்டவைத்துப் பார்த்தார். மூவரும் மருத்துவமனை போய்ப் பிழைத்துவந்தார்கள். இன்றைக்கு எந்த ஆய்வு நெறிக் குழுவும் அப்படியொரு விண்ணப்பத்தை மேசையிலேயே கிழித்துப்போடும். இந்தக் கடற்கரைகளில் கம்பம் நட்டு அதில் வினிகர் போத்தல் வைத்திருக்கிறார்கள். கொட்டிய இடத்தில் ஒட்டியிருக்கும் நூலிழைகளின் வெடிக்காத நச்சணுக்களை வினிகர் முடக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினால் அவை வெடித்து நிலைமை மோசமாகும். சொறிமீன் பட்டால் உடனே தண்ணீரில் கழுவும் கை யாருக்கும் இயல்பானது. அதை மாற்றவே அந்தப் போத்தல்.

சுறாவைப் பற்றிய பயத்துக்கும் சுறாவால் வரும் இறப்புக்கும் பொருத்தமில்லை. ஆண்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று இறப்புகள் வழக்கமான அளவு. ஆனாலும் நியூ சவுத் வேல்ஸில் 1937 முதலும் குயின்ஸ்லாந்தில் 1962 முதலும் சுறாவுக்கென வலையும் தூண்டிலும் போடப்படுகின்றன. வலை கரையை மூடுவதில்லை, பக்கவாட்டில் சுறா புகலாம் என்பது பலருக்குத் தெரியாது. டால்ஃபினும் ஆமையும் சிக்கிச் சாகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து இறப்புகள் நேர்ந்ததால் மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2014இல் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட சுறாக்களைத் தூண்டிலிட்டுக் கொல்லத் தொடங்கியது. எதிர்ப்பு வந்தது கடலுக்கே போகாதவர்களிடமிருந்து மட்டுமல்ல. நாள்தோறும் அதே அலையில் நீந்துபவர்களும் அலைச்சறுக்கு வீரர்களும் பெர்த் நகரின் காட்டஸ்லோ கடற்கரையில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். பிடிபட்டவற்றில் அரசு குறிவைத்த வெள்ளைச் சுறா ஒன்றுகூட இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் மாநிலச் சுற்றுச்சூழல் அமைப்பு எதிராகப் பரிந்துரைத்ததும் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் தைலசீனின் தலைக்கு விலைவைத்த சமூகம் இவ்வளவு தூரம் வந்திருந்தது.

புதியவர்களை உண்மையில் கொல்வது சுறா இருக்கும் கடலல்ல, வெறும் கடல். ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்குச் சுமார் 300 பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். அண்மைய ஆண்டுகளில் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இந்தியாவிலும் சீனாவிலும் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் முன்னே நிற்கிறார்கள். கரைக்கு வந்த அலைநீர் ஒரு குறுகிய வாய்க்காலாகத் திரும்பிக் கடலுக்குள் பாயும் ‘ரிப்’ என்ற இழுவோட்டம் மட்டுமே ஆண்டுக்கு 20 பேருக்கு மேல் பலிகொள்கிறது. இரண்டு பக்கமும் அலை வெண்ணுரையோடு உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் கருத்து, அமைதியாக, அலையில்லாமல் இருக்கும். குழந்தையோடு வந்த குடும்பம் ‘இங்கே அலை இல்லை, இறங்கலாம்’ என்று தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ராப் பிராண்டர் ஊதா நிறச் சாயத்தைத் தண்ணீரில் கொட்டி, அது நேராகக் கடலுக்குள் ஓடுவதைக் காட்டியே பாடம் நடத்துகிறார். மெரினாவில் உடுத்திய உடையோடு முழங்கால் அலையில் நின்று பழகியவர்களுக்கு நீச்சல் தெரியாதது குறையாகத் தோன்றியதில்லை. ஆஸ்திரேலியக் குழந்தைகள் பள்ளி வயதிலேயே நீச்சல் கற்கிறார்கள். இருபத்தைந்து வயதில் வந்திறங்கியவர் அந்த வகுப்பைத் தவறவிட்டவர். பாம்பு பற்றிப் பத்துக் கேள்வி கேட்டுவிட்டு விமானம் ஏறும் மாணவருக்கு ரிப்பைப் பற்றி எவரும் சொல்லியனுப்புவதில்லை.

சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளை நட்டு, அவற்றுக்கு நடுவே மட்டும் நீந்தச் சொல்வது கடற்காவல் சங்கங்களின் முறை. சிட்னியின் பாண்டை கடற்கரையில் 1907இல் அலைக்கடல் உயிர்காப்புச் சங்கம் தோன்றியது. 1938 பிப்ரவரி 6 அன்று அடுத்தடுத்து வந்த பேரலைகள் சுமார் 250 பேரை இழுத்துக்கொண்டுபோக, ஐந்து பேர் தவிர மற்ற அனைவரையும் தன்னார்வலர்கள் கரைசேர்த்தார்கள். அந்தப் பெருமை காவலர்களை வெள்ளை ஆஸ்திரேலியாவின் அடையாளமாகவும் ஆக்கியது. 2005 டிசம்பரில் சிட்னியின் குரோனுல்லா கடற்கரையில் தன்னார்வக் காவலர்களுக்கும் மத்தியக் கிழக்கு வம்சாவளி இளைஞர்களுக்கும் இடையே மூண்ட கைகலப்பு, ஒரு வாரத்தில் 5,000 பேர் கூடிய இனவெறிக் கலவரமாக வெடித்தது. கடற்கரை யாருடையது என்பதே அங்கே கேள்வி. விலங்குகளோடு ஒத்துவாழக் கற்றுக்கொண்ட சமூகத்துக்குப் புதிய மனிதர்களோடு ஒத்துவாழ்வது அதைவிடக் கடினமாக இருந்தது என்று சொன்னால் மிகையல்ல. கலவரத்துக்குப் பின் உயிர்காப்புச் சங்கங்கள் முஸ்லிம் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி தந்து காவலர்களாக்கும் திட்டத்தைத் தொடங்கின. லெபனானில் பிறந்த சிட்னி வடிவமைப்பாளர் அஹீதா ஸனெட்டி, தாம் உருவாக்கிய உடல் மூடும் நீச்சலுடையைக் காவலர்களின் சிவப்பு மஞ்சளிலும் தைத்துக் கொடுத்தார்.

முதலை விஷயத்தில் விதியும் பணமும் சேர்ந்து வேலை செய்தன. தோலுக்காக வேட்டையாடப்பட்டு, வட ஆட்சிப்பகுதியில் 3,000 அளவுக்குக் குறைந்த உவர்நீர் முதலைகளுக்கு 1971இல் பாதுகாப்பு கிடைத்தது. இன்று அவை ஏறத்தாழ ஒரு லட்சம். எண்ணிக்கை ஏறத்தொடங்கியதும் அச்சமும் ஏறியது. ஃபினிஸ் ஆற்றில் ‘ஸ்வீட்ஹார்ட்’ என்று பெயர் பெற்ற ஐந்து மீட்டர் முதலை 1970களில் மீன்பிடிப் படகுகளின் மோட்டாரைக் கடித்துக்கொண்டிருந்தது. ஆளை ஒன்றும் செய்யவில்லை. 1979இல் பிடித்து இடம் மாற்ற முயன்றபோது இறந்து, இப்போது டார்வின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கொல்லத் திரும்ப வேண்டும் என்ற குரல் எழுந்த நேரத்தில் கிரஹாம் வெப் போன்ற ஆய்வாளர்கள் வேறு வழி சொன்னார்கள்: காட்டு முட்டைகளைச் சேகரித்துப் பண்ணைகளுக்கு விற்கட்டும், நிலத்துக்கு உரியவர்களான பழங்குடியினருக்கும் பண்ணையாருக்கும் முட்டைக்கு விலை போகட்டும். சதுப்பில் கிடக்கும் முதலை வருமானம் ஆனதும் அதைச் சுடும் ஆசை அடங்கியது. டார்வின் துறைமுகத்துக்குள் வருபவற்றை மட்டும் பொறிவைத்து ஆண்டுக்கு 200க்கும் மேல் அகற்றுகிறார்கள். மற்ற இடங்களில் மனிதர்தான் விலக வேண்டும். 2002இல் காக்கடு தேசியப் பூங்காவில் வழிகாட்டி ஒருவர் பயமில்லை என்று அழைத்துச்சென்ற குளத்தில் இரவில் நீந்திய ஜெர்மானியப் பயணி ஒருவரை முதலை கொன்றது. வழிகாட்டி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வந்தவர்கள் நம்பியது பலகையை அல்ல, உள்ளூர்க்காரரின் தைரியத்தை.

வந்தவரை நம்ப மறுத்ததன் விலையும் பதிவில் இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 17 இரவு உலுரு பாறையருகே கூடாரத்திலிருந்து ஒன்பது வாரக் குழந்தை அஸாரியா சேம்பர்லின் காணாமல் போனாள். டிங்கோ தூக்கிப்போனதாகத் தாய் லிண்டி கதறினார். பெற்றோர் இருவரும் நியூசிலாந்தில் பிறந்தவர்கள், ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் என்ற சிறுபான்மைத் திருச்சபையினர். குழந்தையின் பெயருக்கே பலி என்று பொருள் என ஒரு புரளி நாடெங்கும் ஓடியது. தாய் தொலைக்காட்சியில் போதிய அளவு அழவில்லை என்பதும் சாட்சியமானது. டிங்கோக்கள் துணிந்துவருவதைப் பூங்காவின் தலைமைக் காவலர் முன்பே மேலிடத்துக்கு எழுதியிருந்தார்; பழங்குடித் தடம்பார்ப்போர் கூடாரத்தருகே விலங்கின் தடத்தைக் கண்டிருந்தார்கள். 1982இல் லிண்டிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. காரில் குழந்தையின் இரத்தம் என்று சோதனை சொன்ன கறை, ஒலித்தடுப்புக்காகப் பூசிய பூச்சு என்று பிறகு தெரிந்தது. 1986இல் பாறையிலிருந்து விழுந்த வேறொருவரைத் தேடியபோது குழந்தையின் மேற்சட்டை கிடைக்க, லிண்டி விடுதலையானார். 1988இல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி இறுதியாக எழுதியது 2012 ஜூனில். டிங்கோ மனிதக் குழந்தையைத் தூக்காது என்று நாடு நம்ப விரும்பிய நம்பிக்கை, 2001இல் இன்றைய கேகாரி தீவில் ஒன்பது வயதுச் சிறுவனை டிங்கோக்கள் கொன்றபோது முற்றிலும் உடைந்தது. அதன் பின் தீவில் 30 அளவுக்கு டிங்கோக்கள் சுடப்பட்டன. இன்று அவற்றுக்குத் தீனி போடுபவருக்குக் கடும் அபராதம். மனிதர் கையால் உண்ட விலங்குதான் மனிதரை அஞ்சாது என்பது அதன் பின்னுள்ள கணக்கு.

பெரும்பாலான குடியேறிகள் முதலையையோ டிங்கோவையோ நேரில் காண்பதே இல்லை. அவர்கள் எதிர்கொள்வது ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை தலைமேல் பாய்ந்து கொத்தும் கறுப்புவெள்ளை மேக்பை பறவையை. கூட்டைக் காக்கும் ஆண்பறவைகளில் ஒரு சிறு பகுதியே அப்படிப் பாய்கின்றன. ஆனால் அவை முகத்தை நினைவில் வைத்துக்கொள்பவை, தபால்காரரையும் மிதிவண்டிக்காரரையும் ஆண்டுக்காண்டு அடையாளம் கண்டு துரத்துபவை. அவையும் பாதுகாக்கப்பட்டவை. உள்ளாட்சி மன்றம் மரத்தடியில் பலகை மாட்டும், மிதிவண்டியிலிருந்து இறங்கி நடக்கச் சொல்லும், அவ்வளவுதான். கூரைக்குள் குடியேறி இரவெல்லாம் ஓடும் ‘பாசம்’ என்ற பைவிலங்கும் அப்படியே. அதை விஷம் வைத்துக் கொல்ல முடியாது; உரிமம் உள்ளவர் பிடித்தாலும் தொலைவில் கொண்டுபோய் விடக் கூடாது, அதே மனையில் அல்லது அதன் அருகிலேயே விட்டுவிட்டு ஓட்டையை அடைக்க வேண்டும். டாஸ்மன் கடலுக்கு அப்பால் நியூசிலாந்தில் அதே பாசம் 1837இல் மென்மயிர் வணிகத்துக்காகக் கொண்டுவந்து விடப்பட்டது. பறவை முட்டைகளையும் மரங்களையும் தின்றழிப்பதாக அங்கே அதைப் பொறியும் நஞ்சும் வைத்து ஒழிக்கிறார்கள்; 2050க்குள் ஒன்றுகூட இல்லாமல் செய்வது 2016இல் அறிவித்த அரசுக் கொள்கை. பிரிஸ்பேனிலிருந்து ஆக்லாந்துக்கு வேலை மாறிப்போகும் குடும்பம், பழைய ஊரில் அபராதத்துக்குரியது என்று கற்ற செயலைப் புதிய ஊரில் ஊராரோடு சேர்ந்து செய்யும்படி அழைக்கப்படுகிறது.